பண்டிகைக் கணித விளையாட்டுகள்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் நெருங்கினால் போதும், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பண்டிகைப் படம் போட்ட கணக்கு விளையாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, எதைக் கொடுப்பது, எவ்வளவு நேரம் விடுவது? கடலூர்ப் பக்கம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

பண்டிகைக் கணித விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

போனிலோ டேப்லெட்டிலோ கணினியிலோ ஆடுகிற விளையாட்டு. ஏதாவது ஒரு பண்டிகையைக் களமாக வைத்துக்கொண்டு கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, வடிவம், நேரம், பணம் ஆகியவற்றைப் பழக்கும். இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. அக்டோபர் 31 ஹாலோவீனுக்குப் பூசணிக்காய், நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி நாளுக்கு வான்கோழி, டிசம்பரில் பனிமனிதன். ஏபிசியா போன்ற தளங்களில் பண்டிகை வாரியாகவே பிரித்து வைத்திருப்பார்கள். பிராடிஜி போன்ற பெரிய விளையாட்டுகளில் பருவத்துக்கு ஏற்றபடி அந்த விளையாட்டு உலகமே கோலம் மாறும். நம்ம ஊர்ப் பண்டிகைகளுக்கு இப்படித் தயாராகக் கிடைப்பது குறைவுதான். நாமே செய்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

லீவு விட்டதே ஓய்வுக்குத்தானே? அப்பவும் கணக்கா?

ஓய்வு ஓய்வாகவே இருக்கட்டும். ஆனால் அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு 7, 8-ஆம் வாய்ப்பாடு நழுவிப் போயிருப்பதையும், கடன் வாங்கிக் கழிக்கும்போது கை தயங்குவதையும் ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறேன். நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட்டாக எண்களோடு இருந்தாலே அந்தத் தயக்கம் வராது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "இதை முடிச்சாத்தான் பட்டாசு" என்று நிபந்தனை போடாதீர்கள். அப்படிச் சொன்ன அன்றே கணக்கு தண்டனையாகிவிடுகிறது. பிறகு எந்த விளையாட்டும் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டாகத் தெரியாது.

ஆயிரம் விளையாட்டு இருக்கிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நீங்கள் ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஆடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கணக்கை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டு அப்படியே நிற்கிறதா, விழுந்துவிடுகிறதா?

தீபாவளி ராக்கெட் விளையாட்டு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 7 + 5 என்று கேள்வி வரும், 12-ஐ அழுத்தினால் ராக்கெட் பறக்கும். இங்கே கணக்கு டோல்கேட் மாதிரி நிற்கிறது. பிள்ளைக்கு வேண்டியது ராக்கெட், நடுவில் கட்டணம் கேட்கிறார்கள். கட்டணம் இல்லாமல் தாண்ட வழி உண்டா என்றுதான் புத்தி போகும். அதே ராக்கெட்டை வேறு மாதிரியும் செய்யலாம். சரியாக 60 மீட்டர் உயரத்தில் அது வெடிக்க வேண்டும். கையில் 25, 15, 30, 20, 10 என்று மருந்துப் பொட்டலங்கள் இருக்கின்றன, எவற்றைப் போடுவாய்? 25, 15, 20 போடலாம். 30, 20, 10-ம் போடலாம். இங்கே கூட்டல்தான் ஆட்டம். கூட்டலை எடுத்துவிட்டால் ஆட மிச்சம் ஒன்றும் இல்லை.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சண்டை விளையாட்டை அமைத்தார்கள். எதிரே வரும் எலும்புக்கூட்டின் நெஞ்சில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தால்தான் விழும். இதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தில் சண்டையில் கணக்கே கிடையாது, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தனியாகக் கணக்குக் கேள்விகள் வரும். சண்டைக்குள்ளேயே வகுத்தல் இருந்த வடிவத்தை ஆடிய பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோதும் பிள்ளைகள் அந்த வடிவத்தில் ஏழு மடங்கு அதிக நேரம் செலவிட்டார்கள்.

அடுத்ததாக, தப்பு செய்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே தவறாக அழுத்துங்கள். வெறும் சிவப்புப் பெருக்கல் குறியும் ஒரு சத்தமும் மட்டும் வந்தால் அந்த விளையாட்டு பரீட்சை வைக்கிறது, சொல்லித் தரவில்லை. ராக்கெட் 55 மீட்டரிலேயே வெடித்து, "இன்னும் 5 வேண்டும்" என்று கண்ணால் பார்க்கும்படி காட்டினால் பிள்ளை அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும்.

பையன் யோசிக்காமல் நாலு விடையையும் மாற்றி மாற்றி அழுத்தி ஸ்டார் வாங்கிவிடுகிறான். என்ன செய்வது?

விளையாட்டை மாற்றுங்கள், பையனைத் திட்ட வேண்டாம். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லும் விளையாட்டு எதுவானாலும் பிள்ளைகள் இப்படித்தான் ஆடுவார்கள். விடையைத் தாமே எழுதும், நகர்த்தும், அடுக்கும் விளையாட்டுகளைத் தேடுங்கள். உடனே கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, அழுத்துவதற்கு முன் "இதுன்னு ஏன் நினைக்கிற?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். எல்லாக் கேள்விக்கும் கேட்டால் அவன் எழுந்து போய்விடுவான்.

வெளிநாட்டுப் பண்டிகை விளையாட்டுகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

எண்ணுவது, கூட்டுவது, வடிவம் இவற்றுக்குப் பொருந்தும். பனிமனிதனுக்கு எத்தனை பொத்தான் என்று எண்ண, பனியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. சில இடங்களில் மட்டும் கவனம் தேவை.

பணம் வந்தாலே சிக்கல். கிறிஸ்துமஸ் கடை விளையாட்டில் டைம், குவார்ட்டர் என்று காசுகள் வரும். அவை 10 சென்ட், 25 சென்ட் என்று தெரியாமல் பிள்ளை கணக்கில் தப்பு செய்யும். நாமோ அதற்குக் கூட்டல் வரவில்லை என்று நினைத்துக்கொள்வோம். நம்மிடம் 25 பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது, எனவே பழைய பழக்கமும் கைகொடுக்காது. பெரிய எண்களில் காற்புள்ளி இடம் மாறும். 4, 5-ஆம் வகுப்பில் நாம் 1,00,000 என்று எழுதி ஒரு லட்சம் என்று படிக்கிறோம். அங்கே அதை 100,000 என்று எழுதுவார்கள். தேதியை மாதம் முதலில் வரும்படி 12/25 என்று போடுவார்கள். நீளம் அங்குலத்திலும் தூரம் மைலிலும் வரும். இவை கலந்த விளையாட்டுகளை 3-ஆம் வகுப்புக்குக் கீழே கொடுக்காமலிருப்பது நல்லது. 5-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டுமானால் அந்த வேறுபாட்டையே பேச்சாக்கலாம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குக் குரலும் ஒரு தடை. அமெரிக்க உச்சரிப்பில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். ஒலியை அணைத்துவிட்டு நீங்கள் தமிழில் சொல்லுங்கள்.

நம்ம ஊர்ப் பண்டிகைகளில் எதில் என்ன கணக்கு இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு மகிழ்ச்சி அதிகம். பண்டிகையை ஓரத்தில் படமாக ஒட்டாமல் அதற்குள் இருக்கும் கணக்கையே எடுத்தால் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. நம் கரையோரம் அதற்குப் பஞ்சமில்லை.

வடலூர்த் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளலார் 1872-இல் திறந்த சத்திய ஞான சபை எண்கோண வடிவம் கொண்டது. வடிவங்கள் பாடத்தில் எட்டுப் பக்க வடிவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் கடலூர் மாவட்டப் பிள்ளைக்கு எங்கே போய்த் தேடுவது? தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கி ஆறு முறை ஜோதி தரிசனம் காட்டுவார்கள். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, பிறகு மறுநாள் அதிகாலை 5.30 மணிக்கு. ஒரு தரிசனத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் 4, 3, 6, 3, ஏழரை மணி நேரம் என்று வரும். பகல் 12-ஐத் தாண்டுவது, நள்ளிரவைத் தாண்டுவது, அரை மணி எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன. 4-ஆம் வகுப்பு நேரக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறும் அத்தனை இடமும் இந்த ஒரு நாளில் இருக்கிறது.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாத ஐந்தாம் வெள்ளியன்று ஓடும். முதல் வெள்ளியிலிருந்து ஐந்தாம் வெள்ளிக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். ஐந்து வாரம், 35 நாள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். காலண்டரை எடுத்து விரல் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள், 28-இல் நின்றுவிடும். ஐந்து வெள்ளிகளுக்கு நடுவே நான்கு இடைவெளிதான். பெரியவர்களும் தவறவிடும் இடம் இது.

பொங்கல் முடிந்து தை 5-ஆம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. அங்கே சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. கிலோ 60 ரூபாய் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு எவ்வளவு, 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கடை விளையாட்டு செய்யலாம். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். உண்மையில் அன்று என்ன விலையோ அதையே போடுங்கள்.

நவராத்திரி கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்கும்: 3, 5, 7, 9. பண்ருட்டிப் பக்கத்துப் பொம்மைகளைப் படம் எடுத்துத் திரையில் படியில் அடுக்கச் சொல்லலாம். மேல்படியில் 1, அடுத்ததில் 3, அடுத்ததில் 5 என்று வைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு படி முடிந்ததும் மொத்தம் எத்தனை என்று எழுதட்டும். 1, 4, 9, 16, 25 என்று வருவதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை "ரெண்டு ரெண்டு, மூணு மூணு, நாலு நாலு" என்று கண்டுபிடிக்கும்போது வகுப்பே அந்தப் பக்கம் திரும்பும்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்தது ஒன்று உண்டு. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்டு 16 சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட நாள். முதலாவது 1954, இரண்டாவது 1962. எண்கோட்டில் இவற்றோடு 1947-ஐயும் வைத்து இடைவெளி பார்க்கச் சொன்னால் நான்கு இலக்கக் கழித்தலும் ஊரின் வரலாறும் ஒன்றாக நடக்கின்றன.

கோலத்தை எப்படித் திரைக்குக் கொண்டுவருவது?

எந்த ஆப்பும் வேண்டாம். அரையாண்டு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது, வாசலில் தினமும் கோலம் இருக்கும். புள்ளி வைத்து முடித்ததும், இழை போடுவதற்கு முன் நேர்மேலே நின்று ஒரு போட்டோ எடுங்கள். போனிலேயே போட்டோவைத் திருத்தும் இடத்தில் வண்ணப் பேனா இருக்கும். அதைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரே விதி சொல்லுங்கள்: "ஒவ்வொண்ணா எண்ணக் கூடாது. கூட்டமா வட்டம் போட்டு எத்தனைன்னு சொல்லு."

7 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. பெரும்பாலான பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கூட்டுவார்கள், அதுவும் சரிதான். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று நீலமும் சிவப்புமாக, சதுரங்கப் பலகையில் இருப்பது போல நிறம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரு நிறம் 16, மறு நிறம் 9 என்று பிரியும். போனைச் சாய்த்துப் பிடித்தால் நாலுக்கு நாலு ஒரு கட்டமும், அதற்குள் மூன்றுக்கு மூன்று ஒரு கட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

இடைப்புள்ளி இன்னும் அழகு. 7 புள்ளி, 4 வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. என் வகுப்பில் ஒரு நாலாம் வகுப்புப் பெண் வரிசையைத் தொடவே இல்லை. நடுப்புள்ளியில் ஒரு வட்டம் போட்டாள். அதைச் சுற்றி இருந்த ஆறையும் ஒரு வளையமாக இணைத்தாள். அடுத்த வளையத்தில் பன்னிரண்டு. அதற்கடுத்த வளையத்தை முடிப்பதற்குள், "மிஸ், இது ஆறாம் வாய்ப்பாடு மிஸ்" என்றாள். ஒன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. அதே கோலத்தை 9 புள்ளி, 5 வரை போட்டால் எத்தனை என்று கேட்டேன். அவள் புள்ளியே வைக்காமல் 24 சேர்த்து 61 என்றாள். வாசலில் அம்மா வைக்கும் புள்ளிக்குள் வாய்ப்பாடு இருப்பதைத் தானே கண்டுபிடித்த பிள்ளையிடம் ஆறாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லி நான் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

1, 2-ஆம் வகுப்புக்கு 5 புள்ளி போதும். நேர்ப்புள்ளியில் 13, இடைப்புள்ளியில் 3 வரை வைத்தால் 19.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு ஸ்மார்ட் போர்டு. எப்படி ஆடுவது?

தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் வந்திருக்கின்றன. ஆளுக்கொரு திரை தேவைப்படாத விளையாட்டுதான் அங்கே நடக்கும். நான் அடிக்கடி செய்வது "ஏழு திரை". பவர்பாயின்ட்டிலோ கூகுள் ஸ்லைட்ஸிலோ ஒரு எண்ணை எழுதி, அதன்மேல் ஏழு வண்ணக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடிவிட வேண்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒரு திரை விலகி ஒரு துப்பு தெரியும்.

எண் 48 என்று வைத்துக்கொள்வோம். முதல் திரை: இது ஈரிலக்க எண். இரண்டாவது: 50-க்குக் குறைவு. மூன்றாவது: இரட்டைப்படை எண். நான்காவது: 6-ஆம் வாய்ப்பாட்டில் வரும். ஐந்தாவது: 8-ஆம் வாய்ப்பாட்டிலும் வரும். ஆறாவது: இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் 10-ஐத் தாண்டும். ஏழாவது விலகினால் விடை. ஐந்தாம் திரையிலேயே 24, 48 என்று இரண்டுதான் மிச்சம். ஒவ்வொரு திரைக்கும் பிறகு குழுவாகப் பேசி, இன்னும் எந்தெந்த எண்கள் உள்ளே இருக்கின்றன என்று சிலேட்டில் எழுதட்டும். எந்தத் திரையில் கண்டுபிடிப்பார்கள் என்பதில்தான் ஆர்வமே. அடுத்த வாரத்துக்கான எண்ணையும் துப்புகளையும் பிள்ளைகளே தயாரிக்கட்டும். துப்பு தயாரிக்கும்போது நடக்கும் கணக்கு, கண்டுபிடிக்கும்போது நடப்பதைவிட ஆழமானது.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அரும்புக்கு 20-க்குள், மொட்டுக்கு 50-க்குள், மலருக்கு 100-க்குள் என்று மூன்று ஸ்லைடு செய்துவிட்டால் போதும்.

கோயில் சார்ந்ததை எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் ஆடலாமா?

நான் ஏழு திரையில் ஜோதியின் படத்தை வைப்பதில்லை, எண் மட்டும்தான். வழிபாட்டுக்குரியதைப் பரிசாகவோ, தோற்றால் மறைவதாகவோ காட்டக் கூடாது என்பது என் உறுதி. பண்டிகையின் நேரம், எண்ணிக்கை, வடிவம், கடைத்தெரு இவற்றை எடுத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

எல்லார் பண்டிகையும் வர வேண்டும் என்பதும் முக்கியம். ரமலானில் பள்ளிவாசல் தரும் நேர அட்டவணையை ஒரு பிள்ளை கொண்டுவந்தால் அது அருமையான கணக்குப் புத்தகம். சஹர் முடிவதிலிருந்து இஃப்தார் வரை எத்தனை மணி எத்தனை நிமிடம், நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியது என்று பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு பெட்டி திறக்கும் நாட்காட்டியை ஸ்லைடில் செய்யலாம். 24 பெட்டிகளை எத்தனை விதமாகச் சமமான வரிசைகளில் அடுக்கலாம் என்று தொடங்குங்கள். 4 வரிசையில் 6, 3 வரிசையில் 8, 2 வரிசையில் 12. வீட்டில் கட்டும் ஸ்டாரைப் படமெடுத்துச் சமச்சீர்க் கோடுகள் வரையச் சொல்லுங்கள். ஐந்து முனை ஸ்டாருக்கும் ஆறு முனை ஸ்டாருக்கும் கோடுகள் எத்தனை என்று ஒப்பிட்டாலே ஒரு பாடவேளை போய்விடும்.

கடலூரில் ஒரு பாடத்திட்டம், புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ. விளையாட்டும் வேறு வேறா?

தொடக்க வகுப்புக் கணக்கில் பெரிய வேறுபாடு கிடையாது. எந்த வகுப்பில் எத்தனை இலக்கம் வரை என்பதை மட்டும் பிள்ளையின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் தீக்ஷா தளத்தில் கிடைக்கும். புதுச்சேரிப் பெற்றோரும் தமிழில் விளக்கம் வேண்டும் என்றால் தாராளமாக அதைப் பயன்படுத்தலாம்.

எங்கள் வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான்.

பல வீடுகளில் இதுதான் நிலைமை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது, பிள்ளை தனியாக ஆடாது. இரண்டு பேர் ஒரே திரையில் ஆடும்போது பேச்சு வருகிறது, பேசும்போதுதான் கணக்கு மனத்தில் நிற்கிறது. காலையில் காகிதத்தில் தாமே ஒரு புதிர் செய்து வைக்கட்டும், இரவு அப்பாவோடு பத்து நிமிடம் போனில் ஆடட்டும். அண்ணன் ஒரு ஆட்டம், தங்கை ஒரு ஆட்டம் என்று முறை வைத்தால், காத்திருப்பவர் அடுத்தவரின் விடையைச் சரிபார்ப்பவராக இருக்கட்டும்.

மழை விடுமுறையில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்போது?

நம் மாவட்டத்தில் விடுமுறை என்றால் பண்டிகை பாதி, புயல் பாதி. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30 இரவில் 'ஃபெஞ்சல்' புயல். இரண்டுமே பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்கள். நெட் இல்லாமல் ஓடும் விளையாட்டுகளை மழைக்காலம் தொடங்கும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிகாம்ப்ரிஸ் என்ற இலவச மென்பொருளில் 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான நூற்றுக்கு மேற்பட்ட செயல்பாடுகள் உள்ளன. விளம்பரம் கிடையாது, ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். துக்ஸ் மேத்தும் அப்படித்தான். நீங்கள் செய்த ஏழு திரை ஸ்லைடும் போனில் சேமித்திருந்தால் போதும்.

புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் போனில் இருக்கும் சார்ஜ் அவசரத்துக்கு. அன்று விளையாட்டு வேண்டாம்.

விளம்பரம், திடீரென்று பணம் கேட்பது, இதையெல்லாம் எப்படித் தவிர்ப்பது?

விளம்பரம் வரும் கணக்கு ஆப்பை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. கான் அகாடமி கிட்ஸ் முழுவதும் இலவசம், விளம்பரம் இல்லை, 8 வயது வரை பொருந்தும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பிராடிஜியில் கணக்கு இலவசம், ஆனால் கூடுதல் பொருட்களும் வசதிகளும் வேண்டுமென்றால் உறுப்பினர் கட்டணம் கேட்கும். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் இருந்து மற்றொன்றிடம் இல்லை என்றால் அது மனத்தைப் பாதிக்கும், ஆசிரியர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். யூபிஐ ஆப்புக்குத் தனிப் பூட்டு போடுங்கள். பிள்ளையின் உண்மைப் பெயர், பள்ளி, போட்டோ எதையும் பதிய வேண்டாம். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. சம்மதம் கேட்காமல் பிள்ளையின் பிறந்த தேதியையும் படத்தையும் கேட்கும் ஆப்பை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள்.

நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்?

இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல்படி 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாத் திரையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 2 முதல் 5 வயது வரை 1 மணி நேரம். டிவி, யூடியூப், கணக்கு விளையாட்டு எல்லாம் இதற்குள் அடக்கம். என்னைக் கேட்டால் கணக்குக்குப் பதினைந்து நிமிடம் போதும், அதையும் ஒரு கட்டம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும்.

கடிகாரம் ஓடும் விளையாட்டைப் பார்த்தாலே மகள் அழுகிறாள்.

நேரக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத விளையாட்டு என்றால் அதை விட்டுவிடுங்கள். வேகம் பழக்கத்தில் தானாக வரும். மெதுவாக யோசிக்கும் பிள்ளை கணக்கில் மந்தம் என்று யாராவது சொன்னால், உறவினராகவே இருந்தாலும், பிள்ளை எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள்.

பிள்ளைகளே விளையாட்டு செய்ய முடியுமா?

4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் இலவசம், கணினியில் நெட் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், இழுத்து ஒட்டினால் போதும். மேலே சொன்ன ராக்கெட்டையே முதலில் செய்யச் சொல்லுங்கள். ராக்கெட்டை 60-க்கு உயர்த்த மூன்று பொத்தான் வைப்பதற்குள் ஆயத்தொலைவு (இடத்தைக் காட்டும் எண்), மாறி (மதிப்பு மாறக்கூடிய எண்) என்று மேல்வகுப்பில் வரவிருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

வைகுண்ட ஏகாதசிக்குப் பாட்டி பரமபதம் ஆடுவார்கள். யூகேஜி பேரனோடு அதையே போனில் ஆடலாமா?

பாட்டி பக்கத்தில் இருந்தால் அட்டையிலேயே ஆடுங்கள். ஊரில் இருந்தால் போனில் ஆடலாம். எப்படி ஆடினாலும் கட்டங்களில் எண் தெரிய வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ராமானி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை எண் எழுதிய நேர்க்கோட்டுப் பலகையில் சில தடவை ஆடிய மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களின் அளவு பற்றிய புரிதல் நன்றாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அப்படி உயரவில்லை. நகர்த்தும்போது எப்படி எண்ணுகிறான் என்பதையும் பாருங்கள். 23-இல் நின்று தாயத்தில் நாலு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்துவான். "இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு, இருபத்தி ஆறு, இருபத்தி ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தப் பாட்டியையே பழக்கச் சொல்லுங்கள். காயைத் தானே நகர்த்திவிடும் ஆப்பில் இதற்கு இடமே கிடையாது, அதை வாங்க வேண்டாம்.